எழுதியவரையும் கட்டும் சொல்

நதிநீர்த் தகராறு என்றவுடன் நம் மனத்தில் சில காட்சிகள் எழுகின்றன. மணல் தெரியும் ஆறு, மதகடியில் திரண்ட கூட்டம், கொளுத்தப்பட்ட பேருந்து, முதலமைச்சர்கள் பிரதமருக்கு எழுதும் கடிதங்கள், நாளேட்டின் மூலையில் அன்றாடம் வெளியாகும் கன அடிக் கணக்கு. இக்காட்சிகளுக்குள் ஒரு சட்டப் பேராசிரியரை நாம் வைத்துப் பார்ப்பதில்லை. நூறாண்டுக்கு முந்தைய தூதரகக் கடிதங்களைப் புரட்டிக்கொண்டும், ‘தீங்கு’ என்ற சொல்லுக்கு முன்னால் எந்த அடைமொழி வரவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் விவாதித்துக்கொண்டும் வாழ்நாளைக் கழிக்கிற ஒருவரால் கடைமடை வயலுக்கு ஒரு குடம் நீராவது கூடுதலாக வந்து சேருமா என்று கேட்டால் பெரும்பாலோர் சிரிக்கவே செய்வர். வந்து சேரும் என்பது நம் கட்சி. மெதுவாகச் சேரும், சில வேளை நமக்கு எதிராகவும் தீரும், ஆயினும் சேரும். இதை எடுத்துக்காட்ட அமெரிக்கச் சட்ட அறிஞர் ஸ்டீஃபன் மெக்காஃப்ரியின் கல்விப் பணியை இங்கே சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம்.

மெக்காஃப்ரி பெர்க்லியில் 1971இல் சட்டப் பட்டமும், ரைன் நதிக்கரை நகரமான கொலோனில் 1974இல் முனைவர் பட்டமும் பெற்றவர். கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் உள்ள மெக்ஜார்ஜ் சட்டக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணையத்தில் 1982 முதல் 1991 வரை உறுப்பினர். 1987இல் அதன் தலைவர். சர்வதேச நீர்வழிகள் பற்றிய சட்டத்தை வரைவதற்கு 1985 முதல் 1991 வரை சிறப்பு அறிக்கையாளர். நீர்வழிகளின் சட்டம் குறித்து அவர் 2001இல் வெளியிட்ட பெருநூல் இத்துறையில் எவரும் கடந்து செல்ல முடியாதது. 2017இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர் விருது அளிக்கப்பட்டது.

இவ்விருதை 2015இல் பெற்றவர் ராஜஸ்தானின் ராஜேந்திர சிங். ஜோஹத் எனப்படும் மண்ணணைகளை ஊராரைக் கொண்டே கட்டுவித்து, வறண்டு கிடந்த ஓடைகளில் நீர் திரும்ப வழிசெய்தவர். மண் சுமந்து நீரைத் தேக்கிய ஒருவரையும், கையில் மண்ணே படாமல் காகிதத்தோடு வாழ்ந்த ஒருவரையும் ஒரே வரிசையில் வைப்பது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. தகும் என்றே நாம் கருதுகிறோம். ஓர் ஊரின் ஓடையை அவ்வூரார் கூடி மீட்டுக்கொள்ள முடியும். இரண்டு அரசுகளின் எல்லையைக் கடந்து ஓடும் ஆற்றை அப்படி மீட்க இயலாது. அங்கே முதலில் வேண்டியிருப்பது இரு தரப்பும் ஏற்றுக்கொண்டு பேசத்தக்க ஒரு மொழி.

*

அந்த மொழி இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு 1895ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று போதும். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே ஓடும் ரியோ கிராண்டே நதியின் நீரை மேலே கொலராடோ, நியூ மெக்சிகோ உழவர்கள் வாய்க்கால் வெட்டித் திருப்பிக்கொண்டதால், கீழே ஹுவாரெஸ் பகுதியின் வயல்கள் காய்ந்தன. மெக்சிகோ முறையிட்டது. அமெரிக்க அரசு தன் தலைமைச் சட்ட அதிகாரி ஜட்சன் ஹார்மனிடம் கருத்துக் கேட்டது. ஒரு நாட்டுக்குத் தன் நிலப்பரப்பின்மீது உள்ள இறையாண்மை முழுமையானது. ஆகவே தன் எல்லைக்குள் ஓடும் நீரை அது விரும்பியபடி பயன்படுத்தலாம். கீழே உள்ளவருக்கு நேரும் இழப்புக்குச் சட்டப்படி பொறுப்பில்லை என்பது ஹார்மனின் விடை. தலைமடைக்காரன் காலங்காலமாக வரப்பில் நின்று சொல்லிவந்த வாதம் இவ்வாறு சட்டத்தின் உடையை அணிந்துகொண்டது. உலகெங்கும் நதி பிறக்கும் நாடுகளின் வழக்கறிஞர்கள் பின்னர் அதை ஒரு கோட்பாடாகவே எடுத்தாண்டனர்.

நூறாண்டு கழித்து, 1996இல், மெக்காஃப்ரி இந்த ஹார்மன் கோட்பாட்டைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவருடைய எழுத்துகளில் நமக்கு மிகவும் பிடித்தது இதுவே. கோட்பாடு அநீதியானது என்று கண்டிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அக்காலத்து அரசு ஆவணங்களையும் பேச்சுவார்த்தைக் குறிப்புகளையும் எடுத்துவைத்து, அமெரிக்காவே அந்தக் கோட்பாட்டின்படி நடந்துகொள்ளவில்லை என்று காட்டினார். ஹார்மனின் கருத்து வெளியான அதே தகராறு 1906இல் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. அதன்படி ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி நீரை, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 2.6 டி.எம்.சி.யை, மெக்சிகோவுக்குக் கட்டணமின்றித் தர அமெரிக்கா இசைந்தது. மெக்சிகோவின் உரிமையை ஏற்று இதைத் தரவில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது உண்மைதான். ஆனால் நீரைத் தந்தது. எனவே ஹார்மன் கோட்பாடு பேரத்தின்போது ஒரு வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காக எடுத்துவைத்த வாதம் மட்டுமே. நாடுகளின் நடைமுறை அதற்கு நேர்மாறானது என்பது மெக்காஃப்ரியின் முடிவு.

இதை ஏதோ ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது. சர்வதேசச் சட்டத்தில் நாடுகள் தொடர்ந்து கடைப்பிடிக்கும் நடைமுறையே வழக்காறாகிச் சட்டமாகிறது. ஒரு பழைய நடைமுறையைப் பற்றிய தவறான நினைவு நிலைபெற்றால் அதுவே நாளைய சட்டமாகவும் ஆகிவிடும். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அந்த நினைவைத் திருத்துகிறவர், தம்மை அறியாத கோடிக்கணக்கான கடைமடை உழவர்களுக்காக உழைக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

*

சட்ட ஆணையத்தில் அவர் செய்த பணி இதைவிட நிதானமானது. 1970 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, கப்பற்போக்குவரத்து அல்லாத பிற பயன்பாடுகளுக்கான நீர்வழிச் சட்டத்தை ஆராயுமாறு ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. ரிச்சர்ட் கீர்னி, ஸ்டீபன் ஷ்வேபெல், யென்ஸ் எவென்சென் என மூன்று அறிக்கையாளர்கள் அடுத்தடுத்து உழைத்தும் வரைவு முற்றுப்பெறவில்லை. நான்காமவராக வந்த மெக்காஃப்ரி ஏழு ஆண்டுகள் உழைத்தார். 1991இல் ஆணையம் முதல் வாசிப்பில் வரைவை ஏற்றது. ஐந்தாமவரான ராபர்ட் ரோசென்ஸ்டாக் 1994இல் இறுதி வடிவம் கொடுத்தார். உடன்படிக்கை 1997 மே 21 அன்று பொதுச்சபையில் நிறைவேறிற்று. இருபத்தேழு ஆண்டுகள், ஐந்து அறிக்கையாளர்கள், 37 கூறுகள்.

இத்தனை ஆண்டுகள் எதற்கு என்றால், சொற்களுக்காக. இலக்கிய வாசகர்களுக்கு இவ்விடம் சுவையானது. நதிநீரைப் ‘பகிர்ந்துகொள்ளப்படும் இயற்கை வளம்’ என்று ஷ்வேபெல் 1980இல் எழுதினார். பகிர்தல் என்ற சொல்லைக் கண்டதும் தலைமடை நாடுகள் வெகுண்டன. எவென்சென் 1984இல் அதை நீக்கினார். ‘நீர்வழி’ என்று எழுதுவதா, ‘நீர்வழித் தொகுதி’ என்று எழுதுவதா என்பது இன்னொரு பூசல். வெறும் நீர்வழி என்றால் கண்ணுக்குத் தெரியும் ஆற்றோடு சட்டம் நின்றுவிடும். தொகுதி என்றால் கிளையாறுகளும் ஏரிகளும் ஆற்றோடு தொடர்புள்ள நிலத்தடி நீரும் உள்ளே வந்துவிடும். அவை கிடக்கும் நிலங்களின்மீதும் பொறுப்புகள் ஏறும். விலக்கப்பட்டிருந்த ‘தொகுதி’ மெக்காஃப்ரியின் காலத்தில் வரையறைக்குள் திரும்பி வந்தது. மேற்பரப்பு நீரும் நிலத்தடி நீரும் தம் இயற்கைத் தொடர்பால் ஒரு முழுமையாக அமைவதே நீர்வழி என்ற வரையறை நிலைபெற்றது.

அடுத்தது ‘தீங்கு’. கீழே உள்ள நாட்டுக்குத் தீங்கு செய்யாதே என்பது எளிய அறம். ஆனால் மேலே ஒருவர் ஒரு குவளை நீர் எடுத்தாலும் கீழே ஒரு குவளை குறையத்தான் செய்யும். எந்த அளவுத் தீங்கு சட்டத்துக்குரிய தீங்கு? 1991 வரைவில் இருந்த ஆங்கில அடைமொழிக்கு ‘அளந்து அறியத்தக்க’ என்றும் ‘கணிசமான’ என்றும் இரு பொருள்கள் இருந்தன. ஒரு தரப்பு முதற்பொருளைப் பிடித்துக்கொள்ள, மறுதரப்பு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. 1994இல் அச்சொல் மாற்றப்பட்டு, ‘குறிப்பிடத்தக்க’ என்று பொருள்படும் சொல் வந்தது. அதோடு, தீங்கைத் தவிர்க்கும் கடமையா, நீரை நியாயமாகவும் அறிவுக்குகந்த முறையிலும் பயன்படுத்தும் உரிமையா, இரண்டும் மோதினால் எது மேலானது என்பது கடைசி நாள் வரை பூசலாகவே இருந்தது. முதலாவது மேல் என்றால் முன்பே பாசனம் செய்துவந்த கடைமடைக்கு ஆதாயம். இரண்டாவது மேல் என்றால் தாமதமாக அணை கட்ட வந்த தலைமடைக்கு ஆதாயம். உடன்படிக்கை இரண்டாவதன் பக்கம் சற்றே சாய்ந்து, முதலாவதையும் கைவிடாமல், ஒரு சமரச வாசகத்தோடு நின்றது.

அந்த வாசகத்தின் நேர்த்தியை வாக்கெடுப்பில் கண்டுகொள்ளலாம். ஆதரவு 103, எதிர்ப்பு 3, நடுநிலை 27. எதிர்த்தவை சீனா, துருக்கி, புருண்டி. மூன்றும் தலைமடை நாடுகள் என்பதில் வியப்பில்லை. நடுநிலை வகித்தவற்றுள் இந்தியாவும் இருந்தது, பாகிஸ்தானும் இருந்தது; எத்தியோப்பியாவும் இருந்தது, எகிப்தும் இருந்தது. தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் ஒருசேர மனக்குறை உண்டாக்கிய ஓர் எழுத்து ஏறக்குறைய நடுவில்தான் நின்றிருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அதற்கான விலையையும் அது கொடுத்தது. நடைமுறைக்கு வரத் தேவையான 35ஆவது ஒப்புதலை வியட்நாம் 2014இல் தந்த பின்பே, அவ்வாண்டு ஆகஸ்ட் 17 அன்று அது செயலுக்கு வந்தது. அப்போது இணைந்திருந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவோ பாகிஸ்தானோ சீனாவோ இல்லை.

*

பல்லில்லாத சட்டம் என்று இதைப் பரிகசிப்பவர்கள் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். அவர்களுக்கு விடையாக டான்யூப் நதியின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஹங்கேரியும் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவும் டான்யூபில் கப்சீக்கோவோ, நாட்யமரோஷ் என்ற இரண்டு இடங்களில் கூட்டாக அணைகள் கட்ட 1977இல் ஒப்பந்தம் செய்தன. சூழலியல் எதிர்ப்பு வலுத்ததும் ஹங்கேரி 1989இல் தன் பங்குப் பணிகளை நிறுத்தியது. 1992இல் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்வதாக அறிவித்தது. மறுதரப்பு காத்திருக்கவில்லை. 1992 அக்டோபரில் தன் எல்லைக்குள் தனியாக ஓர் அணையைக் கட்டி, அப்பகுதியில் ஓடிய டான்யூப் நீரில் 80 முதல் 90 விழுக்காட்டைத் தன் கால்வாய்க்குத் திருப்பிக்கொண்டது. ஸ்லோவாக்கியா தனி நாடானபின் வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஸ்லோவாக்கியாவின் வழக்கறிஞர்களுள் மெக்காஃப்ரியும் ஒருவர்.

தீர்ப்பு 1997 செப்டம்பர் 25 அன்று வந்தது. ஹங்கேரி ஒப்பந்தத்தை முறித்தது தவறு. மறுதரப்பு தனியே நீரைத் திருப்பிக்கொண்டதும் தவறு. ஒப்பந்தம் இன்னும் உயிரோடிருக்கிறது, இருவரும் உட்கார்ந்து பேசுக என்றது நீதிமன்றம். நீரைத் திருப்பியது ஏன் தவறு என்று விளக்கும்போது நீதிபதிகள் எடுத்துக்காட்டியது நான்கு மாதங்களுக்கு முன்பு பொதுச்சபை நிறைவேற்றிய அந்த உடன்படிக்கையை. அப்போது அது நடைமுறைக்கே வந்திருக்கவில்லை. ஆற்றின்மீது கரையோர நாடுகள் அனைத்துக்கும் பொதுநலன் உண்டு என்ற 1929ஆம் ஆண்டின் ஓடெர் நதித் தீர்ப்பை நினைவூட்டி, அக்கருத்தை இப்புதிய உடன்படிக்கை வலுப்படுத்தியுள்ளது என்றார்கள். நியாயமான பங்கை ஹங்கேரியிடமிருந்து செக்கோஸ்லோவாக்கியா பறித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். மெக்காஃப்ரி ஏழாண்டுகள் உழைத்து உருவாக்கிய சொற்கள், அவர் எந்த நாட்டுக்காக வாதாட நின்றாரோ அந்த நாட்டின் செயலைக் குற்றமென்று காட்டப் பயன்பட்டன. இதை அவருடைய தோல்வி என்று நாம் கருதவில்லை. சட்ட அறிஞர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த வெற்றிகளுள் இது ஒன்று. தமக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் பயன்படும் சொல்லை எவரும் எழுதிவிடலாம். எழுதியவரின் கையைவிட்டு நீங்கி, அவரையும் கட்டுப்படுத்தும் சொல்லைத்தான் சட்டம் என்கிறோம்.

அத்தீர்ப்பில் நாம் மறக்கக்கூடாத இன்னொரு பெயர் நீதிமன்றத்தின் துணைத்தலைவராக இருந்த இலங்கையர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. தம் தனித் தீர்ப்புரையில் அவர் வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்து மேற்கத்தியர் அண்மையில் கண்டுபிடித்ததன்று என்று வாதிட்டு, இலங்கையின் பழைய குளப் பாசனத்தை விரிவாக எடுத்துவைத்தார். நிலத்துக்கு மன்னன் உடைமையாளன் அல்லன், காப்பாளனே என்ற பௌத்த மரபை நினைவூட்டினார். டான்யூப் வழக்கில் ஒரு தெற்காசியக் குளத்தின் நீர் கலந்த அந்தப் பக்கங்களை நம் சட்டக் கல்லூரிகள் பாடமாக வைக்க வேண்டும்.

*

இத்துறையைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. இதில் நம்மை உறுத்தும் ஒன்று உண்டு. இவ்வுலகம் மிகச் சிறியது. டான்யூப் தீர்ப்பை வழங்கிய அமர்வின் தலைவர், முன்பு இரண்டாம் அறிக்கையாளராக இருந்த அதே ஷ்வேபெல். அவ்வழக்கில் ஹங்கேரிக்காக வாதாடியவர்களுள் ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜேம்ஸ் க்ராஃபோர்ட். ஸ்லோவாக்கிய அரசின் முகவராக நின்றவர் பீட்டர் டோம்கா. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2010இல், சிந்துநதி ஒப்பந்தத்தின்கீழ் கிஷன்கங்கா திட்டத்தை எதிர்த்துப் பாகிஸ்தான் நடுவர் மன்றம் சென்றது. மன்றத்தின் தலைவர் ஷ்வேபெல். நடுவர்களுள் ஒருவர் டோம்கா. பாகிஸ்தான் தரப்பில் க்ராஃபோர்ட். இந்தியத் தரப்பில் மெக்காஃப்ரி. ஒரே நாடகக் குழு வேறோர் ஊரில் வேடம் மாற்றிக்கொண்டு மேடையேறியதுபோல் இருக்கிறது.

காஷ்மீரத்தில் ஓடும் ஆற்றின் தலைவிதியைப் பெரும்பாலும் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் பயின்ற ஒரு சிலர் தீர்மானிப்பது முறைதானா? கூலிக்கு வாதாடும் ஒருவர் அறிஞர் என்ற தகுதியில் எழுதுவதை நாம் எப்படி நம்புவது? இக்கேள்விகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதற்கேள்விக்கு நம் விடை: முறையன்று; ஆனால் அதை மாற்றும் பொறுப்பு அவர்களைவிட நமக்கே அதிகம். நம் நாடுகளிலிருந்து இத்துறையில் ஆயுளைச் செலவிடும் அறிஞர்கள் போதிய அளவில் எழாதவரை, நம் அரசுகளே அவர்களைத் தேடிச் செல்லும். இரண்டாம் கேள்விக்கு விடை சற்றுச் சிக்கலானது. வெறும் வழக்கறிஞர் நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் பேசலாம். நூல் எழுதிய வழக்கறிஞருக்கு அந்த வசதி குறைவு. எதிர்த்தரப்பின் மேசைமேல் அவருடைய நூலும் இருக்கிறது. அவருடைய அடிக்குறிப்புகளே அவரைக் கண்காணிக்கின்றன.

மெக்காஃப்ரி தம் கருத்தில் நிலையாக நின்றதற்குச் சான்று உண்டு. எல்லை கடந்த நிலத்தடி நீரகங்கள் குறித்துச் சட்ட ஆணையம் 2008இல் ஒரு வரைவை ஏற்றபோது, அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்குக் கீழுள்ள நீரகப் பகுதியின்மீது இறையாண்மை உண்டு என்ற வாசகம் இடம்பெற்றது. தாம் தலைமை தாங்கிய ஆணையத்தின் வரைவு என்று பாராமல், மறு ஆண்டே அதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். ஓடும் நீரின்மீது இறையாண்மை பேசுவது ஹார்மனைக் கொல்லைப்புற வழியாக அழைத்துவருவதாகும் என்பதே அவ்விமர்சனத்தின் சாரம் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

கிஷன்கங்கா வழக்கின் முடிவும் இங்கே கருதத்தக்கது. மின்னுற்பத்திக்காக நீரைத் திருப்ப இந்தியாவுக்கு உரிமை உண்டு என்றது 2013 பிப்ரவரித் தீர்ப்பு. எந்நேரமும் ஆற்றில் நொடிக்கு 9 கன மீட்டர் நீராவது கீழே விடப்பட வேண்டும் என்றது அவ்வாண்டு டிசம்பரில் வந்த இறுதித் தீர்ப்பு. எவருக்கும் முழு வெற்றியில்லை. ஆற்றுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 1948 ஏப்ரலில் கிழக்குப் பஞ்சாப் கால்வாய்களை அடைத்த நாளிலிருந்து 1960 ஒப்பந்தம் வழியாக இங்கே வந்து சேர எத்தனை பொறுமை வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பஹல்காம் படுகொலையை அடுத்து 2025 ஏப்ரலில் அவ்வொப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. அம்முடிவின் அரசியலைத் தனியே விவாதிக்கலாம். ஆனால் அறிவிப்புக்குப் பிறகும் ‘நிறுத்திவைத்தல்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமுண்டா என்பதே உலக அரங்கில் எழுந்த முதற்கேள்வி. சட்டத்தை மீறுவதாக எந்த நாடும் சொல்லிக்கொள்வதில்லை. சட்டத்துக்கு வேறு பொருள் உண்டு என்றுதான் சொல்கிறது. சட்டத்தின் வலிமை எவ்வளவு மெல்லியதாயினும் இதில் அடங்கியிருக்கிறது.

நைல் நதியின் பேச்சுவார்த்தைக்கு மெக்காஃப்ரி சட்ட ஆலோசகராக இருந்தார். அங்கே சட்டச் சொற்களில் உடன்பாடு எட்டாதபோது, ‘நீர்ப் பாதுகாப்பு’ என்ற சட்டமல்லாத சொல்லை நடுவில் வைத்துப் பார்த்தார்கள். பிறநாட்டின் நீர்ப் பாதுகாப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கலாகாது என்று பிற நாடுகள் சொல்ல, இப்போதைய பயன்பாடுகளையும் உரிமைகளையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று எகிப்து கோரியது. ஒரு வாக்கியத்தில் முட்டிக்கொண்டது பேச்சு. 2010இல் எகிப்தும் சூடானும் இல்லாமலே ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது; 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது; 2025 செப்டம்பரில் எத்தியோப்பியா தன் பேரணையைத் திறந்துவைத்தது. தீராத அந்த வாக்கியத்தோடுதான் நைல் இன்றும் ஓடுகிறது. நல்ல சொல் கிடைக்காவிட்டால் கான்கிரீட் பேசத் தொடங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

*

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய காவிரித் தீர்ப்பைப் படிக்க வேண்டும். காவிரி சர்வதேச நதியன்று; ஆயினும் ஹார்மன் கோட்பாடு ஏற்கத்தக்கதன்று என்று சொல்லவும், நியாயமான பங்கீடு என்ற கொள்கையை விளக்கவும், சர்வதேசச் சட்டச் சங்கத்தின் 1966ஆம் ஆண்டு ஹெல்சிங்கி விதிகளையும் அவற்றின் பின்தொகுப்பான காம்பியோன் விதிகளையும் நீதிபதிகள் துணைக்கழைத்தனர். ஆற்றின்மீது எந்த மாநிலத்துக்கும் தனியுடைமை இல்லை என்ற வாசகத்தின் பின்னால் இந்நெடிய மரபு நிற்கிறது.

அதே தீர்ப்பு நடுவர் மன்றம் 2007இல் தமிழகத்துக்கு ஒதுக்கிய 419 டி.எம்.சி.யை 404.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75இல் 10 டி.எம்.சி. தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைக்கப்பட்டது. ஆறும் நிலத்தடி நீரும் ஒன்றோடொன்று சேர்த்து எண்ணத்தக்கவை என்ற அறிவியல் உண்மை, நம் டெல்டாவின் கணக்கில் இவ்வாறு பற்று எழுதியது. நியாயம் என்ற சொல் இருபுறமும் வெட்டும். நமக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் மேடையில் முழங்கிவிட்டு, மறுபக்கத்தை நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சந்திப்பது விவேகமாகாது.

காவிரி, பாலாறு, தென்பெண்ணை மூன்றும் கர்நாடகத்தில் பிறந்து நம்மிடம் வருபவை. கடைமடையில் இருப்பவருக்குப் படை பலமோ மேட்டு நிலமோ துணையில்லை. சொல் ஒன்றே துணை. ஆனால் தமிழில் நதிநீரைப் பற்றி நாம் படிப்பவை டி.எம்.சி. கணக்கும் வசைமொழியுமாகவே பெரிதும் இருக்கின்றன. நீர் மிகுந்த ஆண்டில் மறந்துவிட்டு, நீர் குறைந்த ஆண்டில் ஆவேசப்படுவது வழக்கமாகிவிட்டது. மழை பெய்யும் ஆண்டிலும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிற சிலர் நமக்கு வேண்டும். ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை, அதில் முப்பது ஆண்டுகள் அமர்ந்து காவிரியின் 1892, 1924 ஒப்பந்தங்களிலிருந்து இன்றுவரையுள்ள ஒவ்வொரு தாளையும் படித்து எழுதும் ஓர் அறிஞர். இது பேராசையாகாது.

தொடக்கமாக, சட்டம் பயிலும் வாசகர்கள் எவரேனும் 1997 உடன்படிக்கையின் 37 கூறுகளையும் தமிழில் பெயர்க்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அறிவுக்குகந்த பயன்பாடு, குறிப்பிடத்தக்க தீங்கு, முன்னறிவிப்பு, நல்லெண்ணத்தோடு பேசுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இக்கட்டுரையில் நாம் கையாண்ட சொற்கள் தற்காலிகமானவையே. முறைப்பாசனத்தையும் மடைக்காவலையும் பல நூற்றாண்டுகள் நடத்திய ஒரு மொழியில் இவற்றைவிடச் செறிவான சொற்கள் இருந்தே தீரும். அவற்றைத் தேடி எடுப்பவர் தஞ்சை வயலுக்கு நேரே நீர் பாய்ச்சிவிட மாட்டார். ஆனால் அடுத்த முறை வழக்கு மன்றத்தில் நிற்கும்போது, நாம் எதைக் கேட்கிறோம் என்பதாவது நமக்கு நம் மொழியில் தெரிந்திருக்கும்.